ஒன்பது மணிக்குள் ஒரு மாரத்தான்

அந்தப் பையை மேலே வெச்சுடுங்க சார், காலை நீட்டி உட்காரலாம். நான் மணப்பாறை வரைக்கும்தான். ஷூ ஜோரா இருக்கு. அடியில் என்ன, பஞ்சா? தொட்டுப் பார்த்ததைத் தப்பா எடுத்துக்காதீங்க. குளம்பைப் பார்த்துதான் மாட்டை மதிப்புப் போடுகிறவன், கை தானாகப் போய்விடுகிறது. ஓடுவீங்களோ? எவ்வளவு தூரம்? மாரத்தானா?

அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. சிரிக்காதீங்க. போன மாசியில் திருச்சியில் நடந்ததே பன்னாட்டுத் தடகளப் போட்டி, பதினெட்டு நாட்டுக்காரன் வந்து இறங்கினானே, அதில் ஆம்பிளைகள் மாரத்தான் சனிக்கிழமை காலையில் வைத்தார்கள். அதில் நான் உண்டு. டிவியில்கூட வந்தேன். எனக்குத் தோள்பட்டை வரைக்கும்தான் காட்டினான், என் கிடாவை முழுசாகக் காட்டினான்.

எப்படி ஓடினேனா? யார் ஓடினது? நான் சீர் கொண்டு போனேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சட்டென்று கோபப்படுகிற ஆள் இல்லை. கோபக்காரன் என்று சந்தையில் யாராவது சொன்னால் அவன் பெயரை மட்டும் சொல்லுங்கள், நான் நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். சோலைமலை என்றால் மணப்பாறைச் சந்தையில் தெரியாத தரகன் கிடையாது. பன்னிரண்டு வயதில் மாட்டை ஓட்டிக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்கு நடந்தவன் சார். செருப்பு இல்லாமல். நாற்பது கிலோமீட்டர் ஒரு நாள் நடை, மறுநாள் இன்னொரு நாற்பது. எவனும் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டியதில்லை. அதனால் உங்கள் மாரத்தான் கணக்கைச் சொல்லி என்னைப் பயமுறுத்த முடியாது.

என் தங்கை பூமயில் இருக்கிறாளே, அவளைத் திருச்சியில் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. பத்தாவது வருஷம் ஒரு பெண் குழந்தை. யாழிசை என்று பெயர். பதினோராம் மாசம் காதுகுத்து வைத்தார்கள். காதுகுத்து என்றால் தெரியுமே, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். வேறு யார் மடியும் கணக்கில் வராது. ஊசி ஆசாரியுடையது, மடி மாமனுடையது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் முடித்துவிட வேண்டும்.

இதில் என்ன சிக்கல் என்றால், அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் ரெண்டு பேர். நான் ஒருத்தன். இன்னொருத்தன் தவசி, என் தம்பி. அவனோடு நான் பேசி நாலு வருஷமாகிறது. ஏன் என்று கேட்பீர்கள், கேளுங்கள், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். தாராபுரத்துக்காரன் ஒருத்தனிடம் நான் ஒரு காளையை நாலு பல்லு என்று சொல்லி விலை பேசி முடிக்கிற நேரம். இவன் பக்கத்தில் வந்து நின்று காளையின் வாயைப் பிளந்து பார்த்து, "அண்ணே, ஆறு பல்லுண்ணே" என்கிறான். அத்தனை பேர் முன்னால். பல்லு கூடினால் வயசு கூடுதல் என்று விலை இறங்கிவிடும். காளைக்கு ஆறு பல்லு இருந்தது வாஸ்தவம். அதுவா முக்கியம்? கூடப் பிறந்தவன் சொல்லலாமா? அன்றைக்கு விட்டதுதான் பேச்சு.

நான் வராவிட்டால் பிள்ளை அவன் மடிக்குப் போகும். முதல் நாளே போய் மண்டபத்தில் படுத்துக்கொண்டவன் அவன். பட்டு வேட்டி சகிதமாக. எனக்கு அது தெரிந்ததிலிருந்து ராத்திரி தூக்கமில்லை.

சீர் என்றால் சாதாரணச் சீர் இல்லை. ஐம்பத்தொரு தட்டு. பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழம், சாக்லேட்டில் ஒரு கோபுரம், மூன்று சக்கர சைக்கிள், ஒரு குலை இளநீர், நாயனம், தவில், அப்புறம் ஒரு கிடா. கிடாவுக்குக் கொம்பில் சரிகை சுற்றி நெற்றியில் சந்தனம். ரெண்டு வேனில் ஆறு மணிக்குக் கிளம்பினோம். டவுனுக்குள் நுழைந்ததும் இந்த ரோடு அடைப்பு, அந்த ரோடு அடைப்பு, சுற்றிச் சுற்றி விட்டு, கடைசியில் ஏழேகாலுக்கு மண்டபத்துக்கு எதிரே கொண்டுவந்து இறக்கினான் வேன்காரன். எதிரே என்றால் சரியாக எதிரே. அறுபதடி ரோடு. அந்தப் பக்கம் வாழைமரம் கட்டின வாசல். வாசலில் தவசி நிற்கிறான், கையைக் கட்டிக்கொண்டு. நடுவில் இரும்பு வேலி, கயிறு, போலீஸ், அப்புறம் உங்கள் ஆட்கள். வியர்த்து விறுவிறுத்து ஓடுகிறார்கள்.

நான் போய் அங்கே நின்ற எஸ்.ஐ. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தங்கமான அம்மா. இடைவெளி வரும்போது நீங்கள் மட்டும் குனிந்து ஓடிவிடுங்கள் ஐயா, நான் விடுகிறேன் என்றாள். இதைக் கேட்டதும் என் கூட வந்த சனம் எல்லாம், போங்க மாமா, போங்க பெரியப்பா என்கிறது.

நீங்களே சொல்லுங்கள் சார். தாய்மாமன் தனியாக, வெறுங்கையை வீசிக்கொண்டு, வேலிக்கு அடியில் நுழைந்து போகிறதா? தவசி பார்த்துக்கொண்டு நிற்க? ஐம்பத்தொரு தட்டும் மேளமும் கிடாவும் வந்தால்தான் நான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா, உங்கள் இஷ்டம் என்று திரும்பிக்கொண்டாள். இன்றைக்கு வரைக்கும் என் வீட்டுக்காரி அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அப்பவே போயிருந்தா என்று ஆரம்பிப்பாள். பெண்களுக்கு மரியாதையின் அருமை எங்கே தெரிகிறது?

சரி, நிற்கிறோம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? வேலியோரமாக ஒரு நீள பெஞ்சு கிடந்தது. அதில் வரிசையாகப் பரப்பினோம், சிவப்புத் துணி விலகாமல். பார்க்க லட்சணமாக இருந்தது. அந்த நேரம் எந்த நாட்டுக்காரனோ ஒருத்தன், நெட்டையாக, கன்னம் ஒட்டி, ஓடிவருகிறான். வந்தவன் நேராக நம்ம ஆப்பிள் தட்டைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டான். என் அத்தை மகள் மங்களம் என்ன செய்வாள்? விருந்தாளி கேட்டால் இல்லை என்பாளா? தட்டையே தூக்கி நீட்டிவிட்டாள். நாலு ஆப்பிள் எடுத்துக்கோங்க தம்பி, கொய்யாவும் இருக்கு என்கிறாள்.

எங்கிருந்தோ ஒரு பெண் பறந்து வந்தாள் பாருங்கள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, காலேஜ் பிள்ளை. ரெக்ஸலின் என்று பெயர். தட்டை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள், ஆப்பிள் நாலு திசைக்கும் உருண்டது. அந்த நெட்டையன் வெறுங்கையோடு போனான், பாவம். எனக்கு வந்ததே. கோபம் இல்லை, வருத்தம். சீர்த்தட்டில் கைவைக்க நீ யாரம்மா என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். தவில்காரர் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை பயப்படவில்லை. "அங்கிள், அவங்க மேஜையில வெச்சதைத்தான் அவங்க எடுக்கணும். வெளியாள் குடுத்து வாங்கினாலோ, தொட்டுத் தூக்கி விட்டாலோ, அவங்க ஆட்டத்துலயே இல்லைன்னு வெளிய அனுப்பிருவாங்க. நாலு வருஷம் உழைச்சது ஒரு ஆப்பிள்ல போயிரும்" என்றாள்.

அடப்பாவிகளா. பசித்தவனுக்குக் கொடுத்தால் அவனுக்கே கேடா? இப்படி ஒரு சட்டம் எந்தச் சந்தையிலும் நான் கேட்டதில்லை. தட்டையெல்லாம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னேன்.

இந்தக் கலவரத்தில் கிடாவைப் பிடித்திருந்தவன் ஆப்பிள் பொறுக்கக் குனிந்துவிட்டான்.

இப்போது சொல்கிறேன், அதே ரோட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற போட்டி, முன்னால் ஓடுகிற கூட்டம் அடுத்த சுற்றுக்கு வருகிறது. ஏழு பேர். வண்டியில் கேமரா, மோட்டார் சைக்கிளில் போலீஸ், சனம் எல்லாம் கைதட்டுகிறது. கைதட்டு கேட்டதும் என் கிடாவுக்கு என்ன தோன்றியதோ, வேலிக்கு மேல் ஒரு தாவு. கொம்பில் சரிகை, கழுத்தில் மாலை. அந்த ஏழு பேரோடு எட்டாவதாகச் சேர்ந்துகொண்டது. முதலில் எட்டாவது. அப்புறம் ஆறாவது. பெட்டிக்கடை தாண்டும்போது மூன்றாவது. நான் பொய் சொல்லவில்லை, வேலியைப் பிடித்துக்கொண்டு நானே எண்ணினேன். ரெண்டு வருஷம் வளர்த்த கிடா. அந்த நேரத்தில் எனக்குக் காதுகுத்து, ராகு காலம், தவசி எல்லாம் மறந்துபோய், போடா ராசா, போடா ராசா என்று கத்தினது உண்மை. எங்கள் சனம் மொத்தமும் கத்தியது. இருநூறு அடி போய் ஒரு வாழைமரத்தைப் பார்த்து நின்றுவிட்டது. சாப்பாடு கண்ட இடத்தில் நிற்கிறவன் எப்படி ஜெயிப்பான்?

அதோடு வந்தது வினை. இனி ஒருத்தரும் குறுக்கே போகக் கூடாது, தனி ஆளாக இருந்தாலும் கிடையாது என்று எஸ்.ஐ. அம்மா சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மேலேயிருந்து பெரிய நடுவர் ஒருத்தரே வந்துவிட்டார். வெளிநாட்டுக்காரர், வெள்ளைத் தொப்பி, வெள்ளை மீசை, கையில் ஒரு மஞ்சள் கொடி. எந்த நாடு என்று கேட்டேன், ரெக்ஸலின் சொன்னாள், வாயில் நுழையவில்லை.

பெரிய மனுஷன் வந்துவிட்டாரே, இனி பேரம் பேசலாம் என்று எனக்குச் சந்தோஷம். கீழே இருக்கிறவனிடம் பேசி என்ன பிரயோசனம்? பேரம் என்றால் நாங்கள் வாயால் பேசுவதில்லை சார், பார்த்திருப்பீர்கள். துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடிப்போம். எத்தனை விரல் பிடிக்கிறோமோ அது விலை. சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. வாங்குகிறவனுக்கு மானம், விற்கிறவனுக்கும் மானம். ஒத்துவந்தால் முழுக் கையையும் பற்றிக் குலுக்கிவிட்டால் முடிந்தது. அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்றக் கூடாது.

தோளிலிருந்து துண்டை எடுத்தேன். அவர் வலது கைமேல் போட்டேன். உள்ளே கையை விட்டு அஞ்சு விரலைப் பிடித்தேன், அஞ்சு நிமிஷம் ரோட்டைத் திற என்று அர்த்தம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரியான கல்லுளிமங்கன் வியாபாரி என்று நினைத்தேன். நாலாகக் குறைத்தேன். அவர் ரெக்ஸலினைப் பார்க்கிறார். மூன்று. அவர் துண்டைப் பார்க்கிறார். ரெண்டு. ரெண்டு நிமிஷத்துக்குக் கீழே போனால் எனக்குக் கட்டுபடியாகாது, அதையும் முகத்தில் காட்டினேன். அப்போது அந்த மனுஷன் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் முழுக் கையையும் பற்றிக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார்.

முடிந்ததே பேரம். எடுங்கடா தட்டை என்றேன். நாயனம் பிடித்தது. ஐம்பத்தொரு தட்டும் தலைக்கு ஏறியது. மங்களம் முதல் ஆளாக வேலியைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள்.

விசில் என்றால் அப்படி ஒரு விசிலை நான் கேட்டதில்லை. எட்டு திசையிலிருந்தும். நாலு கான்ஸ்டபிள் ஓடிவந்து எங்களை அப்படியே கையால் தள்ளிப் பின்னால் கொண்டுபோனார்கள். வெளிநாட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நிற்கிறார். பேரம் முடித்துக் கைகொடுத்துவிட்டுப் பின்வாங்குகிற ஆளை என் அனுபவத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைச் சொன்னேன், நல்லா உறைக்கிற மாதிரி சொன்னேன், ரெக்ஸலினை மொழிபெயர்க்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை என்ன சொன்னாளோ, அவர் மறுபடியும் சிரித்து என் தோளில் தட்டினார். முடிவாக, கடைசி ஓட்டக்காரன் இந்த இடத்தைத் தாண்டி, பின்னாலேயே ஒரு வெள்ளை வேன் வரும், அதுவும் தாண்டினால்தான் ரோடு திறக்கும் என்றார். எனக்கென்று தனியாக ரெண்டு கான்ஸ்டபிள் காவல். மரியாதைக்குத்தான்.

மணி எட்டு. எட்டே கால். எட்டரை. ஓட்டக்காரர்கள் ரெண்டு ரெண்டாக வந்தது போய், ஒன்றொன்றாகி, அப்புறம் ஆளே இல்லை. வெறும் ரோடு. வெறும் ரோட்டுக்குக் காவல் நிற்கிறோம். எதிரே தவசி இன்னும் அதே இடத்தில். நகரவே இல்லை. உள்ளேயிருந்து மாப்பிள்ளை, பூமயிலின் வீட்டுக்காரர் குணசேகர், போன் போடுகிறார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. எட்டே முக்கால் வரைக்கும் பார்ப்போம். ஆசாரி இன்னொரு வீட்டுக்குப் போகணுங்கிறார். ராகு காலம் பொறந்துட்டா எங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க. தவசி மச்சானும் மாமன்தானே."

போனை உடைத்திருப்பேன், மகள் வாங்கிக் கொடுத்த போன் என்பதால் விட்டேன். கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிட்டது. சீர்க் குலையிலிருந்து ஒரு இளநீரைச் சீவச் சொல்லிக் கையில் வாங்கினேன். வாயில் வைக்கப் போகும்போது ரெக்ஸலின், வர்றார் வர்றார் என்கிறாள்.

கடைசி ஆள். நெஞ்சில் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தது. ஏதோ தீவாம், அவன் நாட்டிலிருந்து வந்ததே இவன் ஒருத்தன்தானாம். மெலிந்த ஆள், ஒரு காலை இழுத்து இழுத்து வருகிறான். பின்னாலேயே வெள்ளை வேன், ஊர்கோலம் போல. எனக்கு வந்த சந்தோஷம் சொல்ல முடியாது. வா ராசா, வா ராசா, தாண்டு ராசா என்கிறேன். சரியாக எனக்கு நேர் எதிரே வந்தான். நின்றான். முட்டியைப் பிடித்தான். அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

வேனும் நின்றது.

எனக்கும் அவனுக்கும் நடுவில் வேலியில் ஒரு சந்து, கிடா தாவினதில் சரிந்த சந்து. ஒரு கை தூரம். கெண்டைக்கால் கல் மாதிரி திரண்டு நிற்கிறது, எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நரம்பு இழுத்துக்கொண்டது. நெடுநடை நடந்த மாட்டுக்கு அப்படித்தான் வரும். ஸ்டேடியத்துக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர். அவன் எழுந்து நடந்தால் ரோடு திறக்கும். இல்லை, முடியாது என்று வேனில் ஏறினாலும் திறக்கும். அவன் ரெண்டும் செய்யவில்லை. உட்கார்ந்து அழுகிறான், சத்தமில்லாமல்.

மணி எட்டு நாற்பத்திரண்டு.

அழுதவன் நிமிர்ந்து என் கையைப் பார்த்தான். இளநீர்.

பார்த்தவன் கையை நீட்டினான்.

சார், நான் வியாபாரி. ஒரு நொடியில் மொத்தக் கணக்கும் போட்டுவிட்டேன். இந்த இளநீரை அவன் கையில் வைத்தால் போதும். கருணை செய்த மாதிரி இருக்கும், ஒருத்தரும் குறை சொல்ல மாட்டார்கள். நடுவர் கொடியை ஆட்டுவார், இவன் ஆட்டத்தில் இல்லை, வேனில் ஏற்றுவார்கள், ரோடு திறக்கும், எட்டு நாற்பத்தைந்துக்கு ஐம்பத்தொரு தட்டோடு நான் வாசலில். தவசி முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகலாம். ஒரு சாண், கையை நீட்டினால் போதும். ரெக்ஸலின் என்னையே பார்க்கிறாள். அந்தக் கணக்கு அவளுக்கும் தெரிந்துவிட்டது.

இளநீரை அப்படியே தரையில் கவிழ்த்தேன்.

இரக்கப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. சந்தைக்கு ரெண்டு மைல் இருக்கும்போது படுத்துவிட்ட மாட்டை அங்கேயே தள்ளிவிட்டுப் போகிறவன் நான் இல்லை, அவ்வளவுதான். எழுப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது கிலோமீட்டர் வந்தவனுக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு அழுகையா?

தொடக் கூடாது, அவ்வளவுதானே. தொடவில்லை. பட்டு வேட்டியோடு அந்தச் சந்தில், வேலிக்கு இந்தப் பக்கமே, தரையில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். "இந்தா, இங்க பாரு. பெருவிரலைப் பிடி. மூஞ்சிக்கு நேரா இழு. அழுறதை அப்புறம் வெச்சுக்க" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் மொழி தெரியாது. ஆனால் மாட்டுக்கு மட்டும் தமிழ் தெரியுமா என்ன? நாக்கை மடக்கி, மாட்டை எழுப்புகிற அந்தச் சத்தத்தைக் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் இழுத்தேன், அவனும் இழுத்தான். நான் குதிகாலைத் தட்டினேன், அவனும் தட்டினான். நாயனக்காரர் என்ன நினைத்தாரோ, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியைப் பிடித்துவிட்டார். தவிலும் சேர்ந்தது. நடுவர் ஓடிவந்து எங்கள் நடுவே குனிந்து அளந்து பார்க்கிறார், தொடுகிறேனா தொடுகிறேனா என்று. பாரய்யா, நல்லாப் பாரு என்றேன்.

எட்டு நாற்பத்தெட்டு. ஐம்பது. வலி விடவில்லை அவனுக்கு. நான் நிமிர்ந்து மண்டபத்து வாசலைப் பார்த்தேன். தவசி இல்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டான். மடியில் உட்கார வைத்தாகிவிட்டது. ஒன்பது வருஷம் பூமயிலைக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போனவன் நான். அந்தப் பிள்ளையின் காது இன்னொருத்தன் மடியில். என்ன செய்வது? காலை இழுத்துக்கொண்டே இருந்தேன். எதிரே ஒருத்தன் என்னைப் பார்த்துத்தான் இழுக்கிறான், பாதியில் விட முடியுமா?

அப்போது பார்த்தால் எதிர்ப்பக்கம் எஸ்.ஐ. அம்மா வேலியைத் தூக்கிப் பிடிக்கிறாள். ஓடுகிறவன் எவனும் இல்லையே, உட்கார்ந்திருக்கிறவன்தானே இருக்கிறான். அந்த வழியாக தவசி வருகிறான். தோளில் பிள்ளை. பின்னாலேயே ஆசாரி சின்னப் பெட்டியோடு, பூமயில் அழுதுகொண்டே, மாப்பிள்ளை செருப்பில்லாமல். அறுபதடி ரோட்டைத் தாண்டி வந்தவன் என் முன்னால் குனிந்தான். என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தான்.

வைத்துவிட்டுப் போகவில்லை. குத்தும்போது பிள்ளையின் தலையை ஒருத்தர் ஆடாமல் பிடிக்க வேண்டுமல்லவா, எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். நாலு வருஷத்துக்கு அப்புறம் அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். மீசையில் நரை வந்துவிட்டது அவனுக்கு. எனக்குச் சின்னவன்.

"கையை அழுத்திப் புடிண்ணே, துள்ளிருவா" என்றான்.

"அழுத்தித்தாண்டா புடிச்சிருக்கேன். நீ தலையை ஒழுங்காப் புடி."

ஆசாரி ஊசியை எடுத்தார். எட்டு ஐம்பத்து மூன்று. வலது காது. சதக்.

பிள்ளை வீறிட்டது பாருங்கள். பதினோரு மாசத்துத் தொண்டையா அது? நாயனம் நின்றது, தவில் நின்றது. நடுவர் கொடியைக் கீழே போட்டார். இந்தப் பக்கம் காலை இழுத்துக்கொண்டிருந்தானே நாற்பத்தேழு, அவன் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து நின்றேவிட்டான். நின்றவன் குனிந்து தன் காலைப் பார்க்கிறான். ஓர் அடி வைத்தான். இன்னொரு அடி. கால் கேட்கிறது. என்னைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், ரெண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினான். அதை எங்கே கற்றுக்கொண்டானோ. நொண்டி நொண்டி நடந்து, அப்புறம் ஓட ஆரம்பித்தான். எங்கள் சனம் தட்டை வைத்துவிட்டு வேலியோரமாகவே அவனோடு ஓடுகிறது. மங்களம் ஓடுகிறாள். மாப்பிள்ளையின் அம்மா, எழுபது வயசு, எதிர்ப்பக்க வாசலில் நின்று கைதட்டுகிறார். கிடாவைக் கட்டிப் போட்டிருந்தோம், இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும்.

இடது காது எட்டு ஐம்பத்தாறு. அதற்கு அழுகையே இல்லை, எல்லாரும் ஏன் ஓடுகிறார்கள் என்று பிள்ளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

வேன் தாண்டியது, ரோடு திறந்தது. ஐம்பத்தொரு தட்டும் மேளத்தோடு மண்டபத்துக்குள் போனபோது ஒன்பது பத்து, நல்ல ராகு காலம். அதெல்லாம் மடிக்குத்தான் கணக்கு, தட்டுக்குக் கணக்கில்லை என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொல்லிவிட்டார். நடுவரும் ரெக்ஸலினும் பந்தியில் சாப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைதான் போனில் கேட்டுச் சொன்னாள், நாற்பத்தேழு ஸ்டேடியத்துக்குள் போய் முடித்துவிட்டானாம். அறுபத்தொன்றாவது. கடைசி என்று சொல்லக் கூடாது சார். நாலு பேர் பாதியிலேயே வேனில் ஏறிவிட்டார்கள், அவர்களை எங்கே வைப்பீர்கள்?

தவசியா? இல்லை, அவனோடு இன்னும் பேச்சு இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அன்றைக்குப் பேசியது காதுகுத்துக் காரியத்துக்காக, அதை எல்லாம் பேச்சில் சேர்க்கக் கூடாது.

ஒரு நிமிஷம். போன். பாருங்கள், அவன்தான். தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவான். நான் எடுக்க மாட்டேன். நீங்களே எடுங்கள். எடுத்து, உங்க அண்ணன் உங்ககிட்ட பேச மாட்டாராம் என்று சொல்லுங்கள். ம், கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

என்ன கேட்கிறான்? சாப்பிட்டேனா என்றா? சாப்பிடவில்லை என்று சொல்லுங்கள். ஏன் என்கிறானா? பஸ்ஸில் எங்கே சாப்பிடுவது என்று கேளுங்கள். பாதி வழி தாண்டியாச்சு என்று சொல்லுங்கள். இல்லை சார், அப்படிச் சொன்னால் அவனுக்குப் புரியாது, குடுங்க இப்படி, உங்களுக்குப் பேசத் தெரியல.

டேய், என்னடா. ம். பிள்ளைக்குக் காது ஆறிடுச்சாமா? தேங்காய் எண்ணெய் போடச் சொன்னியா? ம். ம். இன்னும் அரை மணி நேரத்துல பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். வண்டியை எடுத்துட்டு வா. சாப்பிடாம வா, சேர்ந்தே சாப்பிடலாம்.